இனிஷியலில் சிக்கிய என் பென்ஷன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.எஃப். பென்ஷனுக்கு 2014-ல் வைத்த குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாய் எந்த மூலைக்குக் காணும் என்று கேட்டு உங்கள் பகுதியில் அடிக்கடி கடிதம் வருகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் நான் அந்த ஆயிரம்கூட இல்லாமல் ஓய்வு பெற இருந்தவள். அதற்குப் பாதிக் காரணம் நானே. என்னைப் போல இன்னும் எத்தனை பெண்கள் இருக்கிறார்களோ என்ற நினைப்பில் எழுதுகிறேன்.

1997 ஜூலையில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலை ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். மாமியார் படுத்த படுக்கையானதும் 2004 மார்ச்சில் நின்றுவிட்டேன். ஆறு வருடம் ஒன்பது மாதம். அப்புறம் பதின்மூன்று வருடம் வீடுதான். 2017 ஆகஸ்ட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. சேரும்போது ஃபாரம் 11 என்று ஒன்று கொடுத்தார்கள். 'இதற்கு முன் பி.எஃப். உறுப்பினராக இருந்தீர்களா?' என்று அதில் ஒரு கேள்வி. பழைய மில்லை ஏன் கிளறுவானேன் என்று 'இல்லை' போட்டேன். மில்லையும் அதற்குள் மூடியிருந்தார்கள்.

அந்த ஒரு 'இல்லை' எவ்வளவு பெரிய தப்பு என்பது 56 வயதில்தான் தெரிந்தது. மாதாமாதம் பென்ஷன் வாங்க 10 வருட சேவை வேண்டும். குறைந்தால் ஒரே தடவையில் ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். 58 வயது ஆகும்போது பம்ப்செட் கம்பெனியில் எனக்கு எட்டு வருடம்தான் தேறும். மில் வருடங்களை மட்டும் வைத்தாலும் தேறாது. இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய பதினைந்து!

நல்ல வேளையாக மில்லை விட்டபோது நான் பணத்தை எடுக்கவில்லை. சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, சோம்பேறித்தனம்தான். அப்போதே ஃபாரம் 10சி கொடுத்துப் பென்ஷன் பங்கையும் வாங்கியிருந்தால் அந்த ஆறே முக்கால் வருடம் அன்றோடு போயிருக்கும். நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் இருந்த பெண்கள் பலர் அப்படித்தான் போனார்கள். கிளார்க் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள், சில ஆயிரங்கள் வந்தன, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆனது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே ஃபாரத்தில் பணத்துக்குப் பதிலாக 'ஸ்கீம் சர்டிபிகேட்' கேட்டு வாங்கி, சேவையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று அன்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மகனின் போலியோ அட்டை, பழைய ரேஷன் கார்டு எல்லாம் கிடந்த மஞ்சள் பையில் 2000-01-ம் வருடத்து பி.எஃப். சீட்டு ஒன்று அகப்பட்டது. மடிப்பில் கிழிந்து இரண்டாகியிருந்தாலும் கணக்கு எண் முழுசாக இருந்தது. அப்போது எனக்கு மாதம் 2,400 ரூபாய் சம்பளம். அதில் 288 பிடிப்பார்கள், முதலாளியும் அதே அளவு போடுவார். அவர் பங்கிலிருந்து 200 ரூபாய் பென்ஷனுக்குப் போகும். எல்லாம் சரியாக இருந்த அந்தச் சீட்டில் என் பெயர் அப்பாவின் 'பி' இனிஷியலோடு இருந்தது. என் ஆதாரில் இருப்பதோ வீட்டுக்காரரின் 'கே'.

வேலைக்குச் சேரும்போதே எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். ஆனால் மில்லில் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். 2012-ல் ஆதார் எடுத்தவர்கள் ரேஷன் கார்டைப் பார்த்து எழுதினார்கள். நம் ஊரில் கல்யாணமான பெண்களில் பாதிப் பேருக்கு இந்த இரண்டு இனிஷியல் வாழ்க்கைதான். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு வேறு ஆட்கள்.

பெயரைத் திருத்த முதலாளியும் நாமும் சேர்ந்து கையெழுத்திட்டு விண்ணப்பம் தர வேண்டியிருந்தது. மில்லே இல்லை, முதலாளிக்கு எங்கே போவது? அந்த மாதிரி இடத்தில் கெசட்டட் அதிகாரியோ வங்கி மேனேஜரோ சான்றளித்தால் ஏற்பார்கள் என்று பி.எஃப். ஆபீஸில் ஓர் அம்மா பொறுமையாக விளக்கினார். கூடவே திருமணப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். 1989-ல் யார் பதிவு செய்தார்கள்?

ஆக, 2024 பிப்ரவரியில் நானும் வீட்டுக்காரரும் சார்பதிவாளர் அலுவலக வரிசையில் நின்றோம். முன்னால் ஒரு சின்ன ஜோடி, கழுத்தில் மாலை, சுற்றிலும் நண்பர்கள். பின்னால் நாங்கள், மூலையில் மஞ்சள் வெளிறிப்போன 1989 கல்யாணப் பத்திரிகையோடு. 'மாலை வாங்கி வரலையா சார்?' என்று அங்கிருந்த ஒருவர் கேட்க, முப்பத்தைந்து வருடமாக மாட்டிக்கொண்டிருப்பது போதும் என்றார் இவர். வீட்டுக்கு வந்ததும் அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சான்றிதழ் வந்து பெயர் திருந்திய பிறகுதான் ஃபாரம் 13 கொடுத்துப் பழைய கணக்கைப் புதியதோடு சேர்க்க முடிந்தது. எத்தனை கம்பெனி மாறினாலும் ஒருவருக்கு ஒரே பி.எஃப். எண் என்கிற யு.ஏ.என். எண்ணே 2014-ல்தான் வந்தது. அதனால் மில் கணக்கு எந்த எண்ணிலும் ஒட்டாமல் தனியாகக் கிடந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் கட்டிய பணத்தைக் காட்டி மில்காரர்கள் வருடாவருடம் தாக்கல் செய்த 3ஏ படிவங்களைத் தேடி எடுத்துச் சரிபார்த்தார்கள். இதற்கே பல மாதம் ஓடிற்று. நடுவில் ஒரு புரோக்கர் 5,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார். 57-லேயே பென்ஷனை வாங்கிவிடுங்கள் என்று இலவச ஆலோசனை வேறு. 58-க்கு முன்னால் வாங்கினால் வருடத்துக்கு 4 சதவீதம் குறையும், அதுவும் ஆயுள் முழுக்க. அதை அவர் சொல்லவில்லை.

கணக்கு மாறிய பிறகு பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்த மகன் பதறிவிட்டான். 'அம்மா, பென்ஷன் கட்டத்தில் பூஜ்யம் போட்டிருக்கு!' நானும் ஆடிப்போனேன். அது அப்படித்தான் இருக்குமாம். பி.எஃப். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறும். பென்ஷன் பணம் பொது நிதியிலேயே இருக்கும், சேவைக்காலம் மட்டும்தான் நம்மோடு வரும். அனெக்ஷர் 'கே' என்ற தாளில் மில்லில் சேர்ந்த தேதியும் நின்ற தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். பார்த்தேன், இருந்தன.

மொத்தம் பதினாறு மாதம் பிடித்தது. 58 முடிய நான்கு மாதம் இருக்கும்போது வேலை முடிந்தது. கடைசி 60 மாதச் சம்பளச் சராசரியைச் சேவை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். என் சராசரி 14,000. மகன் கணக்குப் போட்டு 3,000 வரும் என்றான். வந்தது சுமார் 2,200. 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 6,500 ரூபாய்தான் உச்சவரம்பாம். அது கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் எனக்குப் பிறகு இவருக்கு இதில் பாதி வரும் என்பதில் ஒரு நிம்மதி.

பத்திரிகை மூலமாக ஒரு கோரிக்கை. மாதாமாதம் 27-ம் தேதி பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. அதன் பெயர் 'நிதி ஆப்கே நிகட்', இந்தியில் 'நிதி உங்கள் அருகில்' என்று அர்த்தம். என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் புரியவில்லை, அது தங்களுக்கானது என்றும் தெரியவில்லை. தமிழில் ஒரு பெயர் வைத்து, மூடிய மில்கள் இருந்த வட்டாரங்களில் வந்து நடத்தினால் நன்றாக இருக்கும். 55 வயதிலேயே வந்து பழைய கணக்கைச் சேருங்கள் என்று அங்கேயே சொல்லலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வைண்டிங்கில் இருந்த தோழி ஒருத்தி வந்திருந்தாள். அவளும் பணம் எடுக்கவில்லையாம். முந்தானையில் முடிந்து வந்த சீட்டை எடுத்து நீட்டினாள். அதிலும் அப்பா இனிஷியல். கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டேன். பரணில் தேடிப் பார்ப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிங்காநல்லூர், கோவை.