அம்மாவைத் தனியே கேளுங்கள்: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

சுகாதார அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மா தம் சிறுநீரகங்களில் ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்தவர். அதனால் அப்பா பல ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்தார். கொடுத்ததற்காக அம்மா ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் கொழும்பிலுள்ள ஒரு வைத்தியசாலையில் அவரிடம் சம்மதம் கேட்கப்பட்ட விதம் இன்றுவரை என்னை உறுத்துகிறது. வைத்தியர் சிங்களத்தில் கேட்டார். அம்மாவின் சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்கே போதும். கேள்வியைத் தமிழில் சொன்னவரும் பதிலைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னவரும் அப்பாவின் தம்பிதான். "உங்களுக்கு விருப்பம்தானே அண்ணி?" என்று அவர் கேட்க, பக்கத்தில் அப்பாவும் மாமியும் இருக்க, அம்மா தலையசைத்தார். மறுக்க நினைத்திருந்தாலும் அந்த அறையில் அவர் எப்படி மறுத்திருப்பார்?

சில ஆண்டுகளின் பின் அம்மாவின் தங்கை, வெள்ளவத்தையிலிருந்த எங்கள் சின்னம்மா, அதே நோய்க்கு ஆளானார். அப்பாவுக்கு நோயென்றதும் யார் கொடுப்பது என்று வீட்டில் ஒரே நாளில் முடிவானது. சின்னம்மாவின் வீட்டிலோ அந்தப் பேச்சு எழவே எட்டு மாதங்கள் சென்றன. கனடாவிலிருந்த மகனிடம் கேட்க அவர் இறுதிவரை விடவில்லை. "அவன் உழைக்கிற பிள்ளை, அவனைக் கேட்காதேங்கோ" என்றார். கணவர் தாமாகவே முன்வந்தார், இரத்தவகையும் பொருந்தியது, ஆனால் பெறுபவரின் இரத்தம் கொடுப்பவரின் கலங்களை எதிர்க்கிறதா என்று பார்க்கும் குறுக்குப் பொருத்தப் பரிசோதனையில் தடை வந்தது. அவருடைய மூன்று பிள்ளைகளைச் சுமந்த சின்னம்மாவின் உடலில், கணவருடைய இழையங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள், அதாவது எதிர்ப்புப் புரதங்கள், உருவாகியிருந்தன. கருவில் வளரும் பிள்ளை தந்தையின் இழைய அடையாளங்களையும் கொண்டிருப்பதால் தாயின் உடல் அவற்றை அந்நியமாகக் கண்டு எதிர்க்கப் பழகிவிடக்கூடும். மனைவி கணவனுக்குக் கொடுக்கும்போது இந்தத் தடை இல்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கணவன் கொடுக்க வரும்போதுதான் இது குறுக்கே நிற்கிறது. இத்தகைய இரு தம்பதியர் தங்களுக்குள் கொடையாளிகளை மாற்றிக்கொள்ளும் பரிமாற்ற முறை தென்கொரியாவில் 1991இலேயே நடைமுறைக்கு வந்தது. எங்களுக்கு அதைப் பற்றி எவரும் சொல்லவில்லை. சின்னம்மா மூன்று ஆண்டுகள் இரத்தச் சுத்திகரிப்பிலேயே இருந்து காலமானார்.

இதை எங்கள் ஒரு குடும்பத்தின் கதையாக மட்டும் நான் எழுதவில்லை. உலகின் பெரும்பாலான நாடுகளில் உயிரோடிருக்கும்போது சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். பெறுபவர்களில் ஆண்களே அதிகம். இந்தியாவில் 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளில் 6,945 மட்டுமே பெண்களுக்குக் கிடைத்தன. முழு நோயும் ஆணுக்கே வருவதில்லை. சிறுநீரக நோயின் இறுதிக் கட்டத்தை ஆண்கள் கூடுதலாக எட்டுகிறார்கள் என்பதையும், நம் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே பரவிய சிறுநீரக நோய் ஆண்களையே அதிகம் தாக்கியது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நாட்பட்ட சிறுநீரக நோயுள்ளவர்களை உலக அளவில் எண்ணினால் பெண்களே கூடுதல். கிளினிக்கிலிருந்து மாற்றுச் சிகிச்சைப் பட்டியல் வரையான வழியில் அவர்கள் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்பதே என் கேள்வி.

எண்ணிப் பார்த்தவர்கள் திருத்தியும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2002 முதல் கல்லீரலை யாருக்கு முதலில் கொடுப்பது என்பதை ஒரு புள்ளி முறை தீர்மானித்தது. அதன் கணக்கில், சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் இரத்த அளவும் ஒன்று. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த பெண்ணின் சிறுநீரகம் ஆணுடையதைப் போலவே பழுதுபட்டிருந்தாலும் அவளுடைய எண் குறைவாகவே காட்டும். எவரும் வஞ்சகம் நினைக்காத அந்தக் கணக்கால் பெண்கள் வரிசையில் பின்தள்ளப்பட்டார்கள். 2023இல் பெண்களுக்கு 1.33 புள்ளிகள் கூட்டப்பட்டன. இந்தியாவின் தேசிய உறுப்பு மாற்று அமைப்பும் 2025இல், காத்திருக்கும் பெண்களுக்கு முன்னுரிமை வழங்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

ஆகவே, எத்தனை பெண்கள் கொடுத்தார்கள், எத்தனை பெண்கள் பெற்றார்கள், எத்தனை பெண்கள் காத்திருந்து இறந்தார்கள் என்ற கணக்கை, கொடையாளியின் உறவுமுறையோடு சேர்த்து, ஆண்டுதோறும் மும்மொழியிலும் வெளியிடுங்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பொருந்தும் கொடையாளி கிடைப்பது கடினமாகலாம் என்பதால், அரச வைத்தியசாலைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு பரிமாற்றப் பட்டியலை நடைமுறைப்படுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் கேட்பது, பெரிய செலவில்லாத ஒன்று. மனித இழையங்களை மாற்றீடு செய்வது பற்றிய 48ஆம் இலக்கச் சட்டம் வந்தது 1987இல். தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் சொன்னதும் அதே ஆண்டில்தான். இரண்டும் ஒரே அறையில் சந்திக்க வேண்டும். கொடையாளியாக வரும் ஒவ்வொருவரையும், குறிப்பாக மனைவியரையும் தாய்மாரையும், குடும்பத்தார் எவரும் இல்லாத அறையில், மாற்றுச் சிகிச்சைக் குழுவைச் சேராத ஒருவர், அவருடைய தாய்மொழியில் கேட்கட்டும். அவர் தயங்கினால், காரணத்தை வெளியிடாமல் "பொருந்தவில்லை" என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லட்டும். வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்த ஒரு சொல்லே பாதுகாப்பு.

அப்படிக் கேட்டிருந்தாலும் அம்மா கொடுத்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். அவரும் அதைத்தான் சொல்கிறார். "ஆனால் என்னை ஒருக்கால் தனியக் கேட்டிருக்கலாம்" என்று போன கிழமையும் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு கொடையாளியின் மகள்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.