அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மகளிர் மருத்துவர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மாதவிடாய் நின்றபின் கொடுக்கப்படும் ஹார்மோன் மாத்திரை இரத்தக்கட்டி அபாயத்தைக் கூட்டும் என்பது நீங்கள் அறியாததன்று. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்தில்லா வெற்று மாத்திரை உட்கொண்ட பெண்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 16 பேரையும், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்னும் இரு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை உட்கொண்டவர்களில் 34 பேரையும் இரத்தக்கட்டி தாக்கியது. சிறிய எண்தான். அதற்குள் என் அக்காவும் வந்துவிட்டார்.

மாத்திரை தொடங்கிய நான்காம் மாதம் அவருக்கு இடது கெண்டைக்கால் வலித்தது. நாளெல்லாம் அடுப்படியில் நிற்பதால் வந்த வலி என்றெண்ணி, இரவுதோறும் நல்லெண்ணெய் காய்ச்சித் தடவிக்கொண்டார். தளர்ந்து கிடக்கும் கொலுசு அந்தக் காலில் மட்டும் இறுகித் தழும்பு பதித்திருந்ததைக் கண்டு, நான்தான் கொக்கியைக் கழற்றிவிட்டேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் மின்தூக்கிக்குக் காத்திருந்தவர் மூச்சுத் திணறித் தரையில் உட்கார்ந்துவிட்டார். காலில் உறைந்த கட்டி நுரையீரலை அடைந்திருந்தது.

எங்கள் அம்மாவுக்கும் பிரசவத்துக்குப்பின் காலில் இரத்தம் உறைந்ததுண்டு. மருந்தகத்தில் நீரிழிவைக் கேட்டார்கள், இரத்தக் கொதிப்பைக் கேட்டார்கள், மார்பகப் புற்றுநோயைக் கேட்டார்கள், இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பார். எல்லாம் பெட்டிக்குள் இருக்கும் தாளில் உள்ளதே என்று பிறகு விளக்கம் தந்தார்கள். பொடி எழுத்தில் அச்சிட்ட அந்த ஆங்கிலத் தாளைத் தட்டுத்தடுமாறிப் படிப்பவருக்கு அது என்ன விளக்கம்? ரயில் நடைமேடை இடைவெளியைக் கவனிக்கும்படி தமிழில் எச்சரிக்கும் நாட்டில், உயிர் போகக்கூடிய அறிகுறியைத் தமிழில் சொல்ல ஆளில்லாமற் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

மருந்தே வேண்டாம் என்று நான் கூறவில்லை. வியர்வையில் நனைந்து இரவில் மூன்று முறை உடை மாற்றிய அக்கா, அதைச் சாப்பிட்ட பிறகுதான் உறங்கினார். ஆனால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குச் சென்று, உறைதலுக்கு உதவும் புரதங்களைப் பெருக்குகிறது. தோலில் ஒட்டும் பட்டையோ பூசும் ஜெல்லோ வழக்கமான அளவில் அவ்வாறு செய்வதில்லை. அப்படியொரு வழி உண்டென்றுகூட அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஆகவே பணிவுடன் வேண்டுகிறேன்: மருந்துச்சீட்டு எழுதுமுன், குடும்பத்தில் யாருக்கேனும் இரத்தம் உறைந்ததுண்டா என்று தயவுசெய்து கேளுங்கள். மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே வரவேண்டும் என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வியை மறவாமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தங்கை