பத்து யூரோவுக்குள் சிவப்பு வைன்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

வேலையிடத்து நண்பர்கள் ஆறு பேர் சனிக்கிழமை சாப்பிட வருகிறார்கள், சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் வைக்கப் போகிறேன், என்ன சிவப்பு வைன் வாங்குவது என்று கேட்டிருந்தாய். டெலிபோனில் சொன்னால் பாதிப் பெயர் உன் காதில் ஏறாது, மீதியை நீ எழுதி வைக்க மாட்டாய். அதனால்தான் கடிதம். "பெட்டைக்கு எழுதுகிற கடிதமா இது?" என்று அம்மா பக்கத்தில் இருந்து கேட்கிறார். கோப்பை கழுவுவதில் தொடங்கி பரிஸ் குசினிகளிலேயே வயது போனவன் நான். மகளுக்குச் சொல்லிக் கொடுக்க என்னிடம் வேறென்ன இருக்கிறது?

முதலில் காசுக் கதை. லியோனில் எந்தச் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனாலும் மூன்று யூரோவிலிருந்து முப்பது யூரோ வரை போத்தல்கள் வரிசையாக நிற்கும். மூன்று யூரோப் போத்தலைத் தொடாதே. கண்ணாடி, தக்கை, லேபல், லொறிக் கூலி, கடைக்காரரின் லாபம், 20 வீத வற் வரி எல்லாம் போக உள்ளே இருக்கிற வைனுக்கு மிஞ்சுவது சில்லறைதான். எட்டு யூரோப் போத்தலுக்கும் கண்ணாடியும் தக்கையும் கிட்டத்தட்ட அதே செலவுதான். கூடக் கொடுக்கிற காசில் நல்ல பங்கு தோட்டக்காரனுக்குப் போகிறது. பதினைந்தைத் தாண்டினால் பெயருக்குக் கொடுக்கத் தொடங்குகிறோம். ஆறுக்கும் பத்துக்கும் இடையில் நில், போதும். பிரான்சில் வைனுக்கான மதுவரி ஒரு போத்தலுக்குச் சில சதம் மட்டுமே. லண்டனில் உன் சித்தப்பா வாங்கும் போத்தலில் இரண்டரைப் பவுணுக்கு மேல் அந்த வரிக்கே போய்விடும். இந்தக் கணக்கை அவருக்குச் சொல்லாதே, வயிறெரிவார்.

இனி உறைப்பு. வைன் புத்தகம் எழுதுகிறவர்கள் இதைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை, நாங்கள் யோசிக்க வேண்டும். சிவப்பு வைனில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிற துவர்ப்பு ஒன்று இருக்கிறது. வாயை இழுத்துப் பிடிக்கும். வெண்ணெயில் பொரித்த மாட்டிறைச்சிக்கு அது நல்லது, கொழுப்பை அறுக்கும். மிளகாய்த்தூள் போட்ட கறியோடு சேர்ந்தால் வாய் காய்ந்து நெருப்பாகிவிடும். அற்ககோலும் அப்படித்தான், 14, 14.5 வீதம் என்று போகப் போக எரிவு கூடும். முன்பு வேலை செய்த இடத்தில், கடை பூட்டிய பிறகு நாங்கள் குசினிக்குள் கறி வைத்துச் சாப்பிடுவோம். ஒருநாள் வைன் பரிமாறுகிறவர் பெரிய மனதோடு நல்ல போர்தோ (தென்மேற்குப் பிரான்சின் பேர்போன வைன்) ஒன்றைத் திறந்துகொண்டு வந்து குந்தினார். கறி ஒரு வாய், வைன் ஒரு மிடறு, மனிதருக்கு முகம் சிவந்து கண்ணால் தண்ணீர். ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய், குளிர் அலுமாரியிலிருந்து ஒரு ஃப்ளூரியை எடுத்துக்கொண்டு வந்தார். அதோடு சட்டியில் கறி மிச்சமில்லை.

ஃப்ளூரி என்பது போஜொலேயில் ஒரு ஊர். போஜொலே உன் வீட்டுக்கு வடக்கே இருக்கிற வைன் பிரதேசம், ரயிலேறினால் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. லியோனுக்கு மூன்று ஆறுகள், ரோன், சோன், போஜொலே என்று உன் ஊர்க்காரர்களே பகிடி விடுவார்கள். அங்கே சிவப்புக்கு காமே என்கிற ஒரே திராட்சைதான். துவர்ப்புக் குறைவு, பழவாசம் கூட, அற்ககோலும் பெரும்பாலும் 12.5, 13 அளவில் நிற்கும். 1395-ல் வடக்கே இருக்கிற பூர்கோனின் பிரபு பிலிப் இந்தக் கொடி தன் நாட்டுக்கு ஆகாது என்று வெட்டி எறியச் சொன்னார். தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் அது தழைத்துவிட்டது. நவம்பர் மூன்றாம் வியாழன் ஆரவாரமாக விற்கிறார்களே, அந்தப் புது வைனை வைத்து இந்த ஊரை எடைபோடாதே. அது ஒருநாள் கூத்து.

நீ வாங்க வேண்டியது லேபலில் "போஜொலே-வில்லாஜ்" என்று போட்டது. ஏழெட்டு யூரோவுக்கு நல்லது கிடைக்கும். இன்னும் இரண்டு மூன்று யூரோ கூட்டினால் பத்து இடங்களின் பெயரில் வருகிற "க்ரூ" வகைக்குப் போகலாம். மோர்கோன், ஃப்ளூரி, முலான்-ஆ-வான் மூன்றும் பேர்போனவை, விலையும் அப்படி. ரெஞ்யே, ஷெனாஸ், ஜூலியேனா என்று கண்டால் துணிந்து எடு. தரத்தில் பெரிதாகக் குறையாது, கேட்கிறவர்கள் குறைவு என்பதால் விலை இறங்கி நிற்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரே சூத்திரம் இதுதான்: பேர்போன ஊரை விட்டுவிட்டுப் பக்கத்து ஊரில் வாங்கு. லியோனிலிருந்து ரோன் ஆற்றோடு தெற்கே போனாலும் இதே கதை. சாத்தோநெஃப்-து-பாப் என்ற பெயருக்கு இருபத்தைந்து, முப்பது யூரோ கேட்பார்கள். அதே கிரெனாஷ், சிராத் திராட்சைகள்தான் சுற்றியுள்ள ஊர்களிலும். "கோத்-து-ரோன் வில்லாஜ்" என்று போட்டு, பின்னால் செகுரே, சப்லே, விசான், வல்ரேயாஸ் என்று ஊர்ப்பெயர் ஒட்டியிருந்தால் ஏழிலிருந்து பத்துக்குள் முடிந்துவிடும். கெய்ரானும் முன்பு இந்த வரிசையில்தான் இருந்தது. 2016-ல் தனிப்பெயர் கிடைத்துவிட்டது. விலை ஏறுமுன் குடித்தவர்கள் கெட்டிக்காரர்கள். இவை போஜொலேயை விட அற்ககோல் கூடியவை, எரிவு கொஞ்சம் கூடும். ஆனால் பால் விட்ட கறிக்கும், உன் மரக்கறிக்காரச் சிநேகிதிக்கு வைக்கப்போகிற கத்தரிக்காய்ப் பால்கறிக்கும் வடிவாகப் பொருந்தும்.

வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் தெரிவு குறைவென்றால் கோழிப் படம் போட்ட லா வியே ஃபெர்ம் போத்தல் எங்கும் கிடைக்கும். சாத்தோநெஃப்பில் போகாஸ்தெல் என்ற பெரிய தோட்டம் வைத்திருக்கிற பெரான் குடும்பத்தினுடையது. பெரிய வைன் இல்லை, பிழையும் இல்லை, கைக்காசுக்கு அளவானது. இன்னும் கொஞ்சம் செலவழிக்க மனமிருந்தால் கிகால் என்ற வைன் நிறுவனத்தின் கோத்-து-ரோன். உன் ஊருக்குக் கொஞ்சம் தெற்கே அம்புயியில் இருக்கிறார்கள்.

தெற்கே கடலோரத்து லாங்தொக் பக்கம் சான்-சினியான், மினெர்வுவா, கோர்பியேர் மூன்றையும் நினைவில் வை. இந்த நாட்டில் காசுக்கு அதிகம் தருகிற இடங்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம். அங்கே நிறையக் கூட்டுறவுச் சங்கங்கள். கூட்டுறவு என்றதும் முகம் சுளிக்காதே. ஊரில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்தின் கள்ளைப் போலத்தான், சங்கத்துக்குச் சங்கம் வித்தியாசம், நல்ல சங்கத்தினுடையது நன்றாகவே இருக்கும்.

போர்தோவை இந்தச் சாப்பாட்டுக்கு விட்டுவிடு. இன்னொரு நாள் இறைச்சி சுடும்போது போர்தோவிலேயே காஸ்தியோன் அல்லது பிளை என்று ஊர்ப்பெயர் போட்டதைப் பார். விற்பனை விழுந்து பல ஆயிரம் ஹெக்டேர் கொடிகளைப் பிடுங்கியிருக்கிறார்கள், பாவம். வாங்குகிறவனுக்குச் சகாய விலை. தென்மேற்கு வைன்களான கஹோர், மதிரான் இரண்டும் துவர்ப்பில் ராட்சதர்கள், கறிக்குக் கிட்டவே கொண்டுவராதே.

கடையில் போத்தலைத் திருப்பிப் பார். தோட்டத்திலேயே அடைத்தது என்று போட்டிருப்பது நல்ல அறிகுறி. சில போத்தல்களின் மூடித் தலையில் சின்ன வட்ட முத்திரைக்குள் ஓர் எழுத்து இருக்கும். R என்றால் திராட்சை வளர்த்தவரே அடைத்தது, N என்றால் வாங்கி விற்கிற வியாபாரி. வியாபாரி எல்லாம் கெட்டவன் இல்லை, கிகாலும் பெரும்பாலும் வாங்கித்தான் செய்கிறார். பெயரே கேள்விப்படாததாக இருந்தால் R போட்டதை எடு. "போர்தோவின் பெரிய வைன்" என்று தங்க எழுத்தில் போட்டிருப்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. பதக்கத்தையும் பெரிதாக நம்பாதே. ஒரு போட்டிக்கு வருகிற வைன்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதக்கம் கொடுக்கச் சட்டமே இடம் விடுகிறது. கனமான போத்தலுக்கும் நல்ல வைனுக்கும் சம்பந்தமே இல்லை.

இத்தனையும் வேண்டாம் என்றால் தெருமுனை வைன் கடைக்குப் போய், "உறைப்பான ஆட்டிறைச்சி, துவர்ப்புக் கூடாது, ஒன்பது யூரோவுக்குள்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல். விலையைச் சொல்ல வெட்கப்படாதே. சொல்லாவிட்டால்தான் பதினெட்டு யூரோவில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். செப்டெம்பரில் சுப்பர்மார்க்கெட்டுகள் நடத்துகிற வைன் சந்தையின்போது வந்தால் நானே உன்னோடு நின்று பார்ப்பேன்.

போஜொலேயைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணித்தியாலம் முன்பு பிரிட்ஜில் வை, ரோனுக்கு இருபது நிமிடம் போதும். அறைச் சூட்டில் குடிப்பது என்பது ஹீற்றர் இல்லாத காலத்துப் பேச்சு. உன் அறை 22 பாகையில் இருக்கும், அந்தச் சூட்டில் அற்ககோல்தான் மூக்கில் அடிக்கும். திறந்ததும் முதலில் நீ மணந்து பார். நனைந்த அட்டைப்பெட்டி மணம் வந்தால் தக்கை கெடுத்துவிட்டது என்று அர்த்தம். ஊற்றாதே, பில்லோடு கடைக்குக் கொண்டுபோ, நல்ல கடை மாற்றித் தரும்.

ஏழு பேருக்கு மூன்று போத்தல் போதும், ஒரு போத்தலில் ஆறு கிளாஸ் வரும். இரண்டு போஜொலே-வில்லாஜ், ஒரு கோத்-து-ரோன் வில்லாஜ், எல்லாம் சேர்த்து இருபத்தைந்து யூரோவுக்குள். அவர்களும் ஆளுக்கொரு போத்தலோடு வருவார்கள். எல்லாவற்றையும் அன்றைக்கே திறக்க வேண்டும் என்றில்லை. மிஞ்சியதைத் தக்கை போட்டு பிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.

உன் அளவு இரண்டு கிளாஸ். நாளுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்குப் பத்தைத் தாண்டாதே, குடிக்காத நாளும் இருக்க வேண்டும் என்று சுகாதாரத் திணைக்களமே சொல்கிறது. அம்மா பூச்சியம் என்கிறார், எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். காரில் யாரையும் கொண்டுபோய் விடப் போகாதே. உன் லைசன்ஸ் புதிது, உனக்கு அனுமதி லீற்றருக்கு 0.2 கிராம்தான், ஒரு கிளாஸே தாண்டிவிடும். மெட்ரோவில் போகட்டும்.

தூள் பார்சல் வியாழக்கிழமைக்குள் வந்துவிடும். இந்த முறை அம்மா மிளகாயைக் கூட்டித்தான் வறுத்தார், வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி குறைத்தே போடு. என்ன வாங்கினாய் என்று லேபலைப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா