பின்னாடி ஒரு கதவு வைங்க: ஆல் இன் ஒன் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்கிரீனுக்குப் பின்னாடியே மொத்த மெஷினையும் அடக்கி வெக்கற ஆல் இன் ஒன் கம்ப்யூட்டர் செய்யற எல்லா கம்பெனிக்கும், அதுலயும் பின்பக்க மூடிய டிசைன் பண்ற இன்ஜினியர்களுக்கும் வணக்கமுங்க.

நான் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறையில டிடிபி கடை வெச்சிருக்கறேன். வேலந்தாவளம் தாண்டுனா தமிழ்நாடு, கடைக்கு வர்றதுல பாதிக்கு மேல தமிழ் பேசறவங்க, கல்யாணப் பத்திரிகையே ஒரு பக்கம் தமிழு ஒரு பக்கம் மலையாளம்னுதான் அடிக்கறோம். கடை ரொம்பச் சின்னது, ஜெராக்ஸ் மெஷின் லேமினேஷன் மெஷின் போக மிச்சம் ஒரு சின்ன டேபிள்தான், அதனால 2018ல சிபியூ தனியா மானிட்டர் தனியா வேணாம்னு ஆல் இன் ஒன் ஒண்ணு வாங்குனேன். எந்தக் கம்பெனின்னு சொல்லல, இது ஒருத்தர் மட்டும் பண்ற தப்பு இல்லீங்க.

முதல் ரெண்டு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் பட்டன அமுக்கிட்டு வாசல் கூட்டிட்டு சாமிக்கு விளக்கு வெச்சுட்டு வந்தாலும் இன்னும் சுத்திட்டே இருக்கும். ஒரு தடவை ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷனுக்கு கடைசி நாள், வெளிய ஒம்போது பேர் நிக்கறாங்க, ஸ்கேன் பண்ணுன பைல் ஒண்ணு திறக்கவே மூணு நிமிஷம் ஆகுது, கடைசில ஒரு புள்ளையோட அப்ளிகேஷன் போகவே இல்ல. அந்தப் புள்ளையோட அம்மா என்னைய ஒரு வார்த்த சொல்லல, பேப்பர வாங்கி மடிச்சு பைக்குள்ள வெச்சுட்டுப் போயிட்டாங்க. அது இன்னிக்கும் மனசுல கெடக்குதுங்க.

பாலக்காட்டுல சர்வீஸ் சென்டருக்கு தூக்கிட்டுப் போனேன். அங்கிருந்த சேட்டன் பாத்துட்டு, "இது பழய மாடல் அல்லே, துறக்கண்டா, புதியது நோக்கிக்கோ"ன்னு, அதாவது திறக்க வேணாம் புதுசு பாத்துக்கோன்னு சொல்லிட்டார். அவர் மேல கோவமில்ல, மூடியத் திறந்து ஒரு கிளிப் ஒடஞ்சா அவர்தானே பதில் சொல்லணும்.

அப்புறம்தான் நானே உக்காந்து படிச்சேன். என் மெஷின்ல ரேம், அதாவது அப்பப்ப நடக்கற வேலைய வெச்சுக்கற மெமரி, 4 ஜிபிதான், கூட லேப்டாப்புக்குப் போடற 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். ரேம் பத்தலைன்னா விண்டோஸ் மிச்சத்த ஹார்ட் டிஸ்க்ல எழுதி எழுதிப் படிக்கும், டிஸ்க்குள்ள தகடு சுத்தணும் ஊசி நகரணும், அதனாலதான் ஒவ்வொண்ணுக்கும் அந்த இழுவை. ப்ராசஸர் மேல குத்தமே இல்ல. ரேம் கொஞ்சம் கூட்டி, ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு, சுத்தற தகடே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்கு போட்டா போதும்.

கோயமுத்தூர் போயி காந்திபுரத்துல ஒரு 8 ஜிபி ரேமும் 480 ஜிபி எஸ்எஸ்டியும் வாங்கியாந்தேன், ரெண்டும் சேந்து 4,500 ரூபாய்க்குள்ள. ரேம் டிடிஆர்4 லேப்டாப் சைஸ், டெஸ்க்டாப்புக்குப் போடற நீளமான ரேம் இதுல ஏறாது, இதுகூட பெட்டி மேல எங்கயும் போடல நீங்க.

ஞாயித்துக்கெழமை கடைய சாத்திட்டு நானும் எங்க அண்ணன் பையனும் உக்காந்தோம். வயரெல்லாம் புடுங்கிட்டு, உள்ள மிச்சமிருக்கற கரண்டு போகட்டும்னு பவர் பட்டன கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிச்சு, போர்வைய நாலா மடிச்சு அது மேல ஸ்கிரீன குப்புறப் படுக்க வெச்சோம். ஸ்டாண்ட கழட்டியாச்சு, வெளிய தெரிஞ்ச ஸ்க்ரூ எல்லாம் கழட்டியாச்சு, மூடி அசையவே மாட்டேங்குது. அரை மணி நேரம் கழிச்சுத்தான் ஒரு ரப்பர் மூடிக்கடியில இன்னொரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கறது தெரிஞ்சுது, அதுக்கப்புறம் காலாவதியான ஏடிஎம் கார்ட சந்துல விட்டு ஒவ்வொரு கிளிப்பா நெம்புனா ஒவ்வொண்ணும் படக்கு படக்குன்னு சத்தம், ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு நெஞ்சு ஒருக்கா நின்னு ஓடுது, அதுல கீழ் மூலையில ரெண்டு கிளிப் ஒடஞ்சே போச்சு. மூடிய வேகமா தூக்கியிருந்தா ஸ்பீக்கர் வயரும் அறுந்திருக்கும், பையன்தான் "அத்தே இருங்க"ன்னு கையப் புடிச்சான்.

உள்ள இருந்த தகரத் தகட்ட எடுத்துட்டுப் பாத்தேன். ரேமுக்கு ரெண்டு ஸ்லாட்டு. ஒண்ணுல என்னோட 4 ஜிபி. பக்கத்துல இன்னொண்ணு காலியா, பளபளன்னு, தூசி கூட இல்லாம.

நான் மெஷின் வாங்குன நாள்ல இருந்து அந்த ஸ்லாட்டு அங்கயேதான் இருந்திருக்குது. அந்தப் புள்ள அப்ளிகேஷன் போகாத அன்னிக்கும் அங்கயேதான் இருந்திருக்குது. பின்னாடி எதுக்காவது ஆகும்னுதானே அந்த ஸ்லாட்ட வெச்சீங்க, அப்புறம் ஏனுங்க அதுக்குப் போற வழிய அடைச்சீங்க? ரேம அதுல சொருகறதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகல, அங்க போயிச் சேர ரெண்டு மணி நேரம், ரெண்டு கிளிப். எஸ்எஸ்டியும் மாட்டியாச்சு, இப்ப அந்த மெஷின் அரை நிமிஷத்துக்குள்ள ஆன் ஆகுது.

ரேமத் தொட பின்மூடியில ஒரு சின்னக் கதவு வெச்சா மெஷின் தடிமனாயிடும்னு நீங்க சொல்லலாம். ஆப்பிளோட ஆல் இன் ஒன் ஐமேக்க எடுத்துக்கங்க, 2012ல ஓரத்த அவ்வளவு மெலிசாக்கி ஸ்கிரீன பசை போட்டு ஒட்டுனாங்க, ஆனா அதுலயே 27 இன்ச் மாடலுக்கு பின்னாடி ரேமுக்குன்னு ஒரு சின்னக் கதவு, பவர் வயர் சொருகற எடத்துக்கு மேல ஒரு பட்டன், அமுக்குனா திறக்கும், உள்ள நாலு ஸ்லாட்டு, 2020 மாடல் வரைக்கும் அது இருந்துச்சு. அதே ஆப்பிள் 2017ல விட்ட 21.5 இன்ச் 4கே மாடலுக்கு உள்ள கழட்டி மாட்டற ரேம்தான், ஆனா கதவு இல்ல, ஸ்கிரீனோட பசைய அறுத்தாத்தான் அதத் தொட முடியும். பெரிசுக்கு வெச்ச கதவ சின்னதுக்கு ஏன் வெக்கல? 2021ல வந்த 24 இன்ச்சுல ரேமும் எஸ்எஸ்டியும் போர்டோடவே பத்த வெச்சுட்டாங்க, இனி கதவே வெச்சாலும் புண்ணியமில்ல.

எச்பி கம்பெனி 2012ல இசட்1னு ஒரு ஆல் இன் ஒன் விட்டாங்க. ஸ்கிரீன படுக்க வெச்சு லாக்க விடுவிச்சா, காரோட பானெட் மாதிரி மேல தூக்கிக்கும், ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம், டிஸ்க்கு ரேமு பவர் சப்ளை வரைக்கும் கையாலயே கழட்டலாம். அது விலை கூடுன ஒர்க்ஸ்டேஷன், தெரியும். நான் அத்தன கேக்கல. ரேமுக்கும் டிஸ்க்குக்கும் மட்டும் உள்ளங்கை அளவு ஒரு கதவு, ரெண்டு சாதா ஸ்டார் ஸ்க்ரூ, அவ்வளவுதான் கேக்கறேன். பவர் சப்ளை உள்ளேயே இருக்கற மாடல்னா அது பக்கம் கை போகாம தனியா மூடி வைங்க, ஏன்னா வயரப் புடுங்குனாலும் அதுல கரண்ட சேத்து வெக்கற கெப்பாசிட்டர்ல கரண்டு நிக்கும், எங்கள மாதிரி ஆளுங்க கை வெக்கற எடத்துல அது இருக்கக் கூடாது.

2022 டிசம்பர்ல மத்திய அரசோட நுகர்வோர் துறை ரைட் டு ரிப்பேர்னு, அதாவது வாங்குனவங்களுக்கு ரிப்பேர் பண்ணிக்கற உரிமைன்னு, ஒரு போர்ட்டல் ஆரம்பிச்சாங்க. பிரான்ஸ்ல 2021ல லேப்டாப் போன் மேல எல்லாம், ரிப்பேர் பண்றது எவ்வளவு சுலபம்னு பத்துக்கு எத்தன மார்க்னு ஒட்ட ஆரம்பிச்சாங்க. அந்த மாதிரி ஒண்ணு இங்க சட்டமா வர்ற வரைக்கும் நீங்க காத்திருக்க வேண்டியதில்லீங்க, அடுத்த மாடலுக்கு அச்சு வார்க்கும்போதே செய்யலாம்.

இன்னொண்ணும் இருக்குது. கழட்டி மாட்டறதுக்கான சர்வீஸ் மேனுவல சில கம்பெனிங்க எல்லாரும் டவுன்லோடு பண்ற மாதிரியே போட்டிருக்காங்க, ரொம்ப உபகாரம். போடாதவங்க போடுங்க. தமிழ்ல வேணும் மலையாளத்துல வேணும்னு கூட கேக்கல, எந்த ஸ்க்ரூ எங்க இருக்குது, எந்தக் கிளிப்ப முதல்ல நெம்பணும், எந்த வயரு மூடியோட ஒட்டியிருக்குதுன்னு படம் இருந்தாப் போதும், படம் பாக்க எல்லாருக்கும் தெரியும்.

என் மெஷின் சரியானதக் கேள்விப்பட்டு இப்ப வண்ணாமடைல இருந்து டியூஷன் எடுக்கற டீச்சர் ஒருத்தங்க அவங்க மெஷின கொண்டாந்து குடுத்திருக்காங்க. வேற கம்பெனி, வேற மூடி. அதுக்கு மேனுவல் தேடித் தேடிப் பாத்துட்டேன், கெடைக்கல. ஸ்கிரீன் ஒட்டியிருக்குதா கிளிப்பான்னே தெரியாம ஏடிஎம் கார்ட கையில வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழமைதான் திறக்கறதா இருக்கறேன், அதுக்குள்ள அந்தப் படத்தையாவது போட்டு விடுங்க.