முகாம் படம் போடுகிறீர்கள், அப்படியே இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், அரிமா சங்கம் (லயன்ஸ் கிளப்), ரோட்டரி என்றாலே பொன்னாடை, ஃபிளெக்ஸ், ராத்திரி சாப்பாடு, அவ்வளவுதான் என்று எழுதியிருந்தார். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் அரிமா சங்கத்தில் நெடுநாள் உறுப்பினர் நான். அதைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை. பதவியேற்பு விழா மேடையில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் துண்டு போர்த்துவதை வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் சங்கங்கள் மேல் வைக்க வேண்டிய குறை அதுவல்ல, வேறு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மாதத்துக்கு இரண்டு கூட்டம். தலைவர் மணி அடிப்பார், இறைவணக்கம், கொடி வணக்கம், செயலாளர் அறிக்கை, அப்புறம் வந்திருக்கும் மண்டலத் தலைவர், வட்டாரத் தலைவர் எல்லாரையும் பட்டம் விடாமல் வரவேற்க வேண்டும், அதிலேயே அரை மணி நேரம் போய்விடும். நடுவில் 'டெயில் ட்விஸ்டர்' என்று ஒருவர் எழுந்து, பேட்ஜ் குத்தாமல் வந்தவர், நேரம் கழித்து வந்தவர், செல்போன் அடித்தவர் என்று பிடித்து அபராதம் வசூலிப்பார். வேடிக்கைக்காக வைத்த பதவிதான், ஆனால் எங்கள் சங்கத்தில் அந்த உண்டியல் காசு கண் முகாமுக்கு வருகிறவர்களின் காலை டிபனுக்குப் போகிறது. அதனால் நான் வேண்டுமென்றே பேட்ஜ் இல்லாமல் போகிற நாளும் உண்டு.

கண் விஷயத்தில் அரிமா சங்கத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்களுக்கு: 1925-ல் அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தில் நடந்த சங்க மாநாட்டில் ஹெலன் கெல்லர் நேரில் வந்து, பார்வையற்றவர்களுக்காக நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அது சங்கத்தின் தலையாய வேலையாகிவிட்டது. நம் பக்கத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, முடக்குவாதத்தில் வளைந்துபோன விரல்களோடு 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எல்லாருக்கும் தெரியும். மற்ற நாட்டு மருத்துவமனைகளுக்கும் பயிற்சி தருகிற அதன் நிறுவனத்தின் பெயரே லயன்ஸ் அரவிந்த் என்றுதான் தொடங்கும், பன்னாட்டு அரிமா சங்கத்தின் உதவியோடு 1992-ல் வந்தது. அதே ஆண்டில்தான் அரவிந்தின் ஆரோலேப் நிறுவனம், கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கிற உள்விழி லென்ஸை மதுரையில் செய்ய ஆரம்பித்தது. அதுவரை வெளிநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த பொருள் அது. இலவசமாகக் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அந்தக் காலத்தில் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடிதான். அந்தக் கண்ணாடி உடைந்தால் பார்வையும் போச்சு. இன்று முகாமில் வருகிற பாட்டிக்கும் லென்ஸ் வைத்து அனுப்ப முடிகிறது என்றால் அந்த விலைக் குறைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, இதில் எங்களைப் போன்ற உள்ளூர்ச் சங்கத்தின் பங்கு என்ன? உண்மையைச் சொன்னால் பணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பள்ளிக்கூடத்தைப் பிடிக்க வேண்டும், ஆட்டோவில் மைக் கட்டி சொல்ல வேண்டும், நோட்டீஸ், டிபன். டாக்டர்கள், கருவிகள், ஆபரேஷன், தங்கல், சாப்பாடு, பஸ், சொட்டு மருந்து எல்லாம் மருத்துவமனை பார்த்துக்கொள்கிறது. மருத்துவமனையிடம் இல்லாத ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது: எந்தத் தெருவில் எந்தப் பெரியவர் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறார் என்பது உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும். அதைத்தான் நாங்கள் சரியாகக் கொடுப்பதில்லை.

ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களைப் பஸ்ஸில் ஏற்றும்போது பாருங்கள், பெயர் கூப்பிட்டால் சிலர் இருக்க மாட்டார்கள். ஆட்டைப் பார்க்க ஆள் இல்லை, மகன் ஊரிலிருந்து வந்து சம்மதம் சொல்லட்டும், நூறு நாள் வேலை இந்த வாரம் நடக்கிறது, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கண் போய்விட்டதாகக் கேள்வி, இப்படிப் பல காரணம். இலவசம் என்றால் வந்துவிடுவார்கள் என்று நினைப்பது தப்பு. கண் குறை உள்ள கிராமத்தவர்களில் நூற்றுக்கு 7 பேர்தான் முகாமுக்கே வருகிறார்கள் என்று 1990-களில் அரவிந்தைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து ஆராய்ந்து எழுதினார்கள். முகாமோடு நிற்காமல் சின்ன ஊர்களில் நிரந்தரப் பார்வை மையங்களை அரவிந்த் திறந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அதைவிட மோசம், சர்க்கரை கூடுதல், ரத்த அழுத்தம் கூடுதல் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் கதை. குறைத்துக்கொண்டு அடுத்த முகாமுக்கு வாருங்கள் என்று சொல்லிச் சீட்டு கொடுத்து அனுப்புவார்கள். அது சரியான மருத்துவம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அவரைத் தேடிப் போவது யார்? சர்க்கரைக்காரருக்குக் கண்புரை மட்டுமா பிரச்சினை, விழித்திரையும் சத்தமில்லாமல் கெடும், தெரிய வரும்போது நேரம் கடந்திருக்கும். அப்புறம் ஒரு கண் முடித்து வந்து, இன்னொரு கண்ணுக்கு வரவே வராதவர்கள்.

இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கின்றன. ஆனால் எங்கள் சங்க வருடம் ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. புதுத் தலைவர், புதுச் செயலாளர், புதுப் பொருளாளர். மணியும் கொடியும் பேங்க் பாஸ்புக்கும் பத்திரமாகக் கை மாறும், நோட்டு மட்டும் பழைய செயலாளர் வீட்டு அலமாரியில் தங்கிவிடும். புதுத் தலைவர் தன் வருடத்துக்குப் புதிதாக ஒரு முகாம் நடத்துவார், போனவர் விட்டதை எடுத்துச் செய்தால் அது யார் கணக்கு? இதுதான் நான் சொல்ல வந்த குறை. துண்டு, பிரியாணியை எல்லாம் மன்னித்துவிடலாம், உறுப்பினர்கள் தங்கள் சந்தாவில் சாப்பிடுகிறார்கள்.

கூட்டத்தில் வரவேற்புரைக்கு முன்னால் அந்த நோட்டைத் திறந்து, பஸ் ஏறாதவர், சர்க்கரைக்காகத் திரும்பியவர், இரண்டாவது கண் பாக்கி உள்ளவர் என்று பெயர் வாசித்து, அந்தந்தத் தெருவில் இருக்கிற உறுப்பினரிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் என்ன ஆச்சு என்று கேட்க வேண்டும். போய்ப் பார்க்காதவருக்கு டெயில் ட்விஸ்டர் அபராதம் போடட்டும். இதற்குக் காசும் வேண்டாம், எங்கள் சங்க மாவட்ட ஆளுநர் அனுமதியும் வேண்டாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். 'இலவசக் கண் முகாமில் இத்தனை பேர் பயன்' என்று சங்கங்கள் அனுப்பும் செய்தியை அப்படியே போட்டுவிடுகிறீர்கள். அதில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆனது, ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று உங்கள் நிருபர் கேட்கட்டும், பதில் இல்லாவிட்டால் படத்தைப் போட வேண்டாம். எங்கள் சங்கம் அனுப்புகிற செய்திக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் செயலாளருக்கு இந்தக் கடிதம் பிடிக்காது, பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓர் அரிமா சங்க உறுப்பினர்,
விருதுநகர் மாவட்டம்.