கழலாத ஷாக் அப்சார்பர் போல்ட்டுக்கு நெருப்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், ஜவ்வாது மலையின் உட்கிராமங்களுக்கு ஓடும் ஜீப்புகளும் பொலேரோக்களும் ஷாக் அப்சார்பர் மாற்றுவதற்காக ஒடுகத்தூர், அணைக்கட்டு பகுதிப் பட்டறைகளுக்கு வரத் தொடங்கும். புதிய ஷாக்கை மாட்டுவது பெரிய வேலையன்று. பழையதைக் கழற்றுவதில்தான் சிக்கல். கீழ்ப்பக்க போல்ட் அசையவில்லை என்று தெரிந்த உடனேயே கேஸ் டார்ச்சைப் பற்றவைக்கும் பழக்கம் பல இடங்களில் இருப்பதால், அதைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பெரும்பாலான ஷாக் அப்சார்பர்களுக்குள் எண்ணெயும், அதனுடன் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயுவும் உள்ளன. உருளையில் வெப்பம் ஏறினால் உள்ளழுத்தம் கூடி அது வெடித்துச் சிதறக்கூடும். எண்ணெய் தீப்பற்றவும் கூடும். அருகிலேயே பிரேக் ஹோஸும் டீசல் குழாயும் செல்கின்றன. வண்டிக்கடியில் மல்லாந்து படுத்திருக்கும் பையனுக்கு எழுந்து ஓடவும் வழியில்லை.

போல்ட் ஏன் இறுகுகிறது என்பதைப் பார்த்தால் நெருப்பின் தேவை பெரும்பாலும் இல்லை என்பது விளங்கும். ஓடைகளைக் கடக்கும்போது சேறும் நீரும் ஷாக்கின் முனை வளையத்திலுள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் இறங்கி, அதன் நடுவிலுள்ள இரும்புக் குழாயையும் போல்ட்டையும் துருவால் ஒன்றாக்கிவிடுகின்றன. நட்டை எடுத்த பிறகு போல்ட்டின் தலையில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால், அது சற்றே சுற்றி, விட்டவுடன் பழைய நிலைக்கே திரும்பி வரும். மரை கழல்வதாக நினைத்து மேலும் முறுக்குவோர் உண்டு. ஆனால் அங்கே முறுக்கிக்கொண்டு திரும்புவது ரப்பர்தான். அந்த நிலையில் ஸ்பேனரின் பிடியில் நீளமான பைப்பை மாட்டி இழுத்தால் போல்ட்டின் தலை முறியும். தூக்கி எறியப்போகும் ஷாக்தானே என்று, புஷ்ஷின் இரு பக்கமும் ஹேக்ஸா பிளேடாலோ கிரைண்டராலோ போல்ட்டை அறுத்து எடுப்பதே நல்லது. போல்ட்டைத் தாங்கும் வண்டியின் பிராக்கெட்டில் மட்டும் பிளேடு படக்கூடாது.

நட்டே அசையாத இடத்தில், முதலில் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, துருவை இளக்கும் எண்ணெயை மாலையில் ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் விட்டு ஊறவைக்க வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட்டை விட ஆறு முனை சாக்கெட் நட்டின் முனைகளை மழுக்காமல் பிடிக்கும். கழற்றும் திசையில் முதலிலேயே பலம் கொடுக்காமல், முடுக்கும் திசையில் சிறிது தட்டிவிட்டுப் பின்னர் திருப்பினால் துருவின் பிடி பெரும்பாலும் விட்டுவிடும். நட் இளகிய பின் போல்ட்டைச் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தால், நட்டை மரையின் முனை வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு அதன் மேல் தட்டினால் மரை கெடாது. லீஃப் ஸ்பிரிங் வண்டிகளில், ஷாக் கழன்றவுடன் ஆக்சில் கீழே இறங்கிவிடாதபடி முன்கூட்டியே அதற்குத் தனி ஜாக்கி கொடுக்க வேண்டும். வண்டியையும் ஜாக்கியை மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும்.

இவை எல்லாம் அனுபவமுள்ள மெக்கானிக்குகளுக்குத் தெரியாதவை அல்ல. அவர்களைத் துரத்துவது வண்டிக்காரர்களாகிய நாங்கள்தான். காலையில் விட்டு மதியம் சவாரிக்கு வேண்டும் என்று நிற்கிறோம். ஒரு போல்ட்டைக் கழற்ற இரண்டு மணி நேரம் ஆனதற்குக் கூலி கேட்டால் முகத்தைச் சுளிக்கிறோம். முதல் நாள் மாலையே வண்டியை விட்டு, எண்ணெய் ஊறுவதற்கான நேரத்தையும் அந்தக் கூலியையும் ஒப்புக்கொள்வதே முறை.

அரசு தொழிற்பயிற்சி நிலையங்களின் மோட்டார் வாகனப் பிரிவில், சுத்தமான மாதிரி சேஸிஸில் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு, மலையில் ஓடித் துருவேறிய கழிவு வண்டி ஒன்றிலும் போல்ட் கழற்றக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாட்டும்போது தலையில் 8.8 அல்லது 10.9 என்ற குறியுள்ள, பழையதற்கு நிகரான தரமுடைய புதிய போல்ட்டைப் போட்டு, அதன் தண்டில் காப்பர் கிரீஸ் தடவி, வண்டியைத் தரையில் இறக்கி அதன் எடை சக்கரங்களில் நிற்கும்போதே கடைசி முடுக்கைக் கொடுக்க வேண்டும் என்பதையும் அதனுடன் சேர்த்துச் சொல்லித்தரலாம். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே ஓடி, புதிய புஷ்ஷும் விரைவில் கிழிந்துவிடும்.

இப்படிக்கு,
ஜீப் உரிமையாளர் ஒருவர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.