துண்டில்லாமல் அன்டிபயோட்டிக் விற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கினால் எங்கள் குடாநாட்டில் வீட்டுக்கு வீடு தடிமனும் காய்ச்சலும்தான். உடனே ஒரு பிள்ளையைப் பாமசிக்கு அனுப்பி அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் குளிசை நாலு வாங்கிவரச் சொல்கிறோம், கடையில் நிற்பவரும் வைத்தியர் மருந்து எழுதித் தந்த துண்டு எங்கே என்று கேட்காமலே கார்ட்டிலிருந்து வெட்டிக் கொடுத்துவிடுகிறார். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

தடிமன் வைரஸால் வருவது, டெங்குவும் அப்படித்தான். அன்டிபயோட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது, பக்டீரியாவைத்தான் தாக்கும். அப்போ அந்த நாலு குளிசையும் உள்ளே போய் என்ன செய்கிறது? குடலில் எங்களுக்காக வேலை செய்துகொண்டிருக்கும் பக்டீரியாக்களை அழிக்கிறது. செரிக்காத நாரை உடைப்பது, விற்றமின் கே செய்து தருவது, கெட்ட கிருமி வந்து குடியேற இடம் கொடுக்காமல் இருப்பது எல்லாம் அவைதான் (குளிசை குடித்ததும் சிலருக்கு வயிற்றோட்டம் போவது பெரும்பாலும் அவை குழம்புவதால்தான்). நுண்ணுயிர் என்றாலே நோய் என்று ஒரு எண்ணம் எங்களிடம் இருக்கிறது. பாலைத் தயிராக்குவது பக்டீரியா. முட்டியில் சுண்ணாம்பு பூசாவிட்டால் கருப்பநீர் கள்ளாகிவிடுவதும் நுண்ணுயிர்களால்தான்.

இரண்டு நாள் குடித்துவிட்டு, சுகம் என்று மிச்சத்தை அலுமாரியில் வைத்து, பிறகு இன்னொருவருக்குக் கொடுப்பது அதைவிட மோசம். மருந்துக்குத் தப்பிய கிருமிகள்தான் பிறகு பெருகும். 1928இல் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் தன் நோபல் உரையிலேயே, அளவு குறைத்துக் குடித்தால் கிருமிக்கு மருந்து பழகிப்போகும் என்று எச்சரித்துவிட்டார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நாங்கள் அதையே செய்கிறோம்.

2024 டிசெம்பரில் வெள்ளத்துக்குப் பின் வந்த எலிக்காய்ச்சலை மறந்திருக்க மாட்டீர்கள், வடமராட்சிப் பக்கம் உயிர்களும் போயின. அது பக்டீரியா நோய். எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி காலிலுள்ள சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போய்விடும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு. இதற்கு அன்டிபயோட்டிக் கட்டாயம் தேவை, ஆனால் எது, எவ்வளவு என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் கிடந்த குளிசையைப் போட்டு நாளைக் கடத்தினால் சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பாதிக்கப்பட்ட பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். வயலில் இறங்குபவர்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் முற்காப்பாக டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக்கைக் கொடுப்பது வேறு விடயம், அதை அவர்கள் சொன்னபடி குடிக்கத்தான் வேண்டும்.

அன்டிபயோட்டிக் சட்டப்படி துண்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. உணவு மருந்துப் பரிசோதகர்கள் இந்த மாரி முடியும் முன்னர் பாமசிகளுக்குப் போய் இதைப் பார்க்க வேண்டும். கடை நடத்துபவர்களும், காய்ச்சல் என்று வருபவரை முதலில் வைத்தியரிடம் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்